ஆப் வேண்டாம் பிள்ளைகளா, ஒரு வெப் பேஜ் போதும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இன்று ஒரு 10 நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். 1998 பிளஸ் டூ செட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் நடத்திய இயற்பியல் பாடங்களை ஓர் ஆப் ஆக்கி, என் 70ஆவது பிறந்த நாளுக்கு வெளியிடுவதாம். பணம் வசூல்கூடத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி. என் மைத்துனர் மகன் ஒரு படி மேலே போய், "மாமா, ஐகானில் உங்க போட்டோவையே வெச்சிடலாம்" என்கிறான்.

படித்ததும் கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: ஆப் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லாமல் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், "சாருக்கு வயசாயிட்டு, புதுசு பிடிக்கல" என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள். அதனால் காரணத்தை எழுதுகிறேன்.

2007 முதல் 2010 வரை நான் செய்த வேலை உங்களில் பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த என் பழைய மாணவர் ஒருவரோடு உட்கார்ந்து, பிளஸ் டூ இயற்பியலுக்கு 42 அனிமேஷன் பாடங்கள் செய்தேன். எல்லாம் பிளாஷில். பள்ளி முடிந்து சாயங்காலம் 6 மணிக்குப் போனால் வீடு திரும்ப 10 மணி ஆகும். மின்மாற்றி, பி-என் சந்தி, ஒளிவிலகல் என்று ஒவ்வொன்றாகச் செய்தோம். யங் இரட்டைப் பிளவு சோதனைக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. மவுசால் இழுத்து இரண்டு பிளவுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைத்தால், திரையில் பட்டைகள் அகலும். சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு ஏன் என்று தெரியாமல் இருந்த பிள்ளைகள், அதைப் பார்த்ததும் "ஓ!" என்றார்கள். அந்த ஒரு "ஓ"வுக்காகத்தான் 33 வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன்.

2011இல் அரசு இலவச லேப்டாப் தந்தபோது, பென் டிரைவில் அந்தப் பாடங்கள் கை மாறிக் கை மாறிப் போயின. என் பேர் தெரியாத பள்ளிகளுக்கும் போயின. "சாதித்துவிட்டோம்" என்று நினைத்தேன்.

பிறகு 2020 வந்தது. கொரோனா. பள்ளிகள் மூடிக் கிடந்தன. என்னிடம் படித்து, இன்று ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கும் பெண் போன் செய்தாள். "சார், அந்த டபுள் ஸ்லிட் அனிமேஷனை அனுப்புங்க சார். பிள்ளைங்களுக்கு வாட்ஸ்அப்ல போட்டு விடறேன்." அனுப்பினேன். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். ஒரு பிள்ளையின் போனில்கூடத் திறக்கவில்லை.

அப்போது அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதே அந்தப் போன்தான். அப்பா வேலை முடிந்து வந்த பிறகு ராத்திரியில் கைக்குக் கிடைக்கும் ஒரு போன். எந்த நாளில் என் 42 பாடங்களும் மிகவும் தேவைப்பட்டனவோ, அந்த நாளில் அவை வெறும் கோப்புகளாகக் கிடந்தன.

யார் குற்றம்? என் குற்றம்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பிளாஷின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996இல் பியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் பிறந்தது. அதை மேக்ரோமீடியா வாங்கியது. மேக்ரோமீடியாவை 2005இல் அடோபி வாங்கியது. பிரௌசருக்குத் தானாக வீடியோ காட்டத் தெரியாத காலம் அது. பிளாஷ் என்ற சொருகியைப் போட்டால் எல்லாம் அசையும். யூடியூப்கூட முதலில் அதில்தான் ஓடியது. உலகமே அதை நம்பியது. நானும் நம்பினேன்.

2007இல் ஐபோன் வந்தது. அதில் பிளாஷ் இல்லை. 2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பிளாஷ் முழுக்க ஒரே நிறுவனத்தின் சொத்து, பாதுகாப்புக் குறைபாடு உள்ளது, பேட்டரியைத் தின்கிறது என்றார். ஐபோனில் வீடியோவை வன்பொருள் சிப்பே விரித்துக் காட்டினால் 10 மணி நேரம் வரை ஓடும், மென்பொருளால் விரித்தால் 5 மணி நேரம்கூடத் தாங்காது என்று கணக்கும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். பிளாஷ் மவுசுக்காகச் செய்யப்பட்டது. மவுசு அம்பைச் சும்மா மேலே கொண்டு போனாலே மெனு விரியும். விரலை அப்படித் தொடாமல் மேலே நிறுத்தி வைக்க முடியுமா? முடியாது. ஆகவே எச்.டி.எம்.எல்.5 போன்ற திறந்த வலைத் தரங்கள்தான் எதிர்காலம் என்று முடித்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம்! "பணக்காரன் போனை விற்கிறதுக்கு என் பாடத்தைக் கெடுக்கிறான்" என்று ஸ்டாஃப் ரூமில் சத்தம் போட்டேன். அந்த வருஷமே ஆண்ட்ராய்டு போனுக்குப் பிளாஷ் வந்தது. "பார்த்தீங்களா!" என்றேன். என் சந்தோஷம் ஒன்றரை வருஷம்கூட நிற்கவில்லை. 2011 நவம்பரில் அடோபியே போன்களுக்கான பிளாஷை இனி வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்தது. 2012 ஆகஸ்டில் கூகுள் பிளேயிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளும் வழியும் அடைபட்டது. 2020 டிசம்பர் 31 அன்று கணினியிலும் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல், கணினியில் ஏற்கெனவே இருந்த பிளேயரே கோப்பை ஓட்ட மறுத்தது.

என்னைப் போன்ற உள்ளூர் வாத்தியார் மட்டும் ஏமாறவில்லை. தென்னாப்பிரிக்க வரித்துறை தன் பழைய பிளாஷ் படிவங்களை மக்கள் நிரப்புவதற்காக 2021இல் ஒரு தனி பிரௌசரையே வெளியிட வேண்டியதாயிற்று. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் இயற்பியல் பாடங்களை உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தெரியும். அவையும் ஜாவாவிலும் பிளாஷிலும் செய்யப்பட்டவைதான். ஒவ்வொன்றாக எச்.டி.எம்.எல்.5இல் திரும்ப எழுதினார்கள். அதற்கு அவர்களிடம் ஆட்கள் இருந்தார்கள். என்னிடம் யார் இருந்தார்? மூலக் கோப்புகள் இருந்த ஹார்ட் டிஸ்க் 2014இலேயே போய்விட்டது.

இப்போது நிதானமாகச் சொல்கிறேன். போன்காரர்கள் பிளாஷைக் கைவிட்டது சரிதான். என் 42 பாடங்களைப் பறிகொடுத்தவன் நான், நானே சொல்கிறேன், அது சரிதான்.

எங்கள் சின்ன வயதில் சந்தைக்குச் சந்தை படி மாறும். பட்டணம் படி ஒன்று, ஊர்ப் படி ஒன்று. ஒரு கடைக்காரர் படியில் அளந்த நெல் இன்னொரு கடையில் அளந்தால் குறையும். 1956இல் எடை அளவைச் சட்டம் வந்து கிலோவும் லிட்டரும் மீட்டரும் பொதுவாயின. கிலோ எந்தக் கடைக்காரருக்கும் சொந்தமில்லை. கடையை மூடிவிட்டுப் போனாலும் கிலோ கிலோவாகவே இருக்கும். பிளாஷ் என்பது ஒரு கடைக்காரர் படி. கடையை மூடும்போது படியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் நெல்லை அளக்க ஆளில்லை. எச்.டி.எம்.எல். என்பது கிலோ மாதிரி. அதன் இலக்கணம் எல்லாரும் படிக்கும்படி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதைப் படித்துப் புதிதாக ஒரு பிரௌசர் செய்யலாம்.

அத்தாட்சி வேண்டுமா? செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் வலைத்தளத்தின் பழைய பிரதியை 2013இல் அதே முகவரியில் மறுபடி வைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் எழுதிய பக்கம். இன்று நீங்கள் வாங்கும் போனில் அப்படியே திறக்கிறது. என் 2010 பாடம் திறக்கவில்லை. இதைவிட என்ன சொல்ல?

"அதான் சார், பிளாஷ் போயிட்டுது, இப்ப ஆப் வந்திருக்கு" என்கிறீர்கள். பிள்ளைகளா, இங்கேதான் நான் பலகையைத் தட்ட வேண்டியிருக்கிறது. ஆப் என்பதும் கடைக்காரர் படிதான்!

திறந்த தரம் என்று அன்று கடிதம் எழுதிய அதே ஆப்பிளைப் பாருங்கள். ஐபோனில் எந்த பிரௌசர் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எந்திரம்தான் என்று விதி வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்ட பிறகுதான் 2024இல் அங்கே மட்டும் அதைத் தளர்த்தியது. அந்தச் சமயத்திலும், வலைப்பக்கத்தைப் போனின் முகப்பில் ஆப் போல வைத்துக்கொள்ளும் வசதியை ஐரோப்பாவில் எடுத்துவிடப் போவதாக பிப்ரவரியில் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் 1 அன்று பின்வாங்கியது. ஜாப்ஸ் கடிதத்தில் சிலாகித்த எச்.264 வீடியோ முறையும் காப்புரிமைக்கு உட்பட்டதுதான். அவர் பிளாஷைப் பற்றிச் சொன்னது அத்தனையும் நியாயம். தன் கடையைப் பற்றி மட்டும் அதே அளவுகோலை எடுக்கவில்லை. சொன்னவர் யார் என்று பார்த்து உண்மையைத் தள்ளவும் கூடாது, உண்மையைச் சொன்னார் என்பதற்காக அவர் கடையில் கண்ணை மூடிக்கொண்டு நுழையவும் கூடாது.

இனி ஆப்பின் ஆயுளைப் பாருங்கள். 2017இல் ஐபோனின் ஐ.ஓ.எஸ். 11 வந்தபோது, பழைய 32 பிட் ஆப்கள் எதுவும் அதில் திறக்கவில்லை. எழுதியவர் புதுப்பித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கூகுள் பிளேயிலும் அப்படித்தான். புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப அவ்வப்போது மாற்றித் தராத ஆப், புதுப் போன் வாங்குபவர் தேடினால் அகப்படாது. ஆப்பிள் கடையில் ஆப் வைத்திருக்க வருஷா வருஷம் 99 டாலர் கட்ட வேண்டும். இப்போது வசூலித்த பணம் முதல் வருஷத்துக்குப் போதும். ஐந்தாம் வருஷம் யார் கட்டுவார்? யார் உட்கார்ந்து புதுப்பிப்பார்? உங்களுக்குப் பிள்ளைகளின் காலேஜ் பீஸ், வீட்டுக் கடன் என்று ஆயிரம் இருக்கும். நான் இருப்பேனா என்பதே சந்தேகம். என் போட்டோ போட்ட ஐகான் ஒருநாள் காணாமல் போகும். எனக்கு இரண்டாவது முறையும் அதே கருமாதியா?

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. 2000த்தில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோமே, மறந்துவிட்டதா? டிஸ்கி என்பார் ஒருவர், டேப் என்பார் இன்னொருவர், பாமினி என்பார் மற்றொருவர். நான் டைப் அடித்த வினாத்தாளைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். தமிழ்ப் பத்திரிகையின் இணையதளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அவர்கள் எழுத்துருவை இறக்க வேண்டும். யுனிகோடு வந்துதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசும் யுனிகோடைத் தரமாக அறிவித்தது. ஜாப்ஸ் கடிதம் எழுதியதும் அதே வருஷம்தான். இரண்டும் ஒரே பாடத்தைச் சொல்லின. எனக்குத்தான் அப்போது காதில் விழவில்லை.

மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998இல் தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் பல நாட்டுத் தன்னார்வலர்களும் சங்க இலக்கியம் முதல் எத்தனையோ நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகப் போட்டார்கள். ஒரு காலத்தில் டிஸ்கி எழுத்து. பிறகு எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றினார்கள். ஏன் மாற்ற முடிந்தது? எழுத்தை எழுத்தாகவே வைத்திருந்தார்கள். முறை எல்லாருக்கும் தெரிந்ததாக இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்று உங்கள் போனிலும் அந்த நூல்கள் திறக்கின்றன. அலங்காரம் ஒன்றும் இல்லை, ஆனால் உயிர் இருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"ஆப் என்றால் நெட் இல்லாமலும் ஓடும் சார்." வலைப்பக்கமும் ஓடும். ஒரு பாடத்தை ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாக எழுதினால், பென் டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி, நெட் இல்லாத இடத்திலும் பிரௌசரில் திறக்கலாம்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆப்தான் தெரியும்." அந்தப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடத் தெரியாதா? இறக்கு, பதிவு செய், மொபைல் எண்ணைக் கொடு, ஓ.டி.பி. போடு என்பதைவிட அது எளிது. அப்பாவின் போனில் புதிதாக ஆப் இறக்க இடம் இருக்குமா என்பதையும் யோசியுங்கள்.

"ஆப்பில்தான் பெயர் கிடைக்கும் சார்." பெயரா? சரி விடுங்கள்.

"வலைப்பக்கமும் அழியுமே சார்?" இது நல்ல கேள்வி. கேட்டவனுக்கு முழு மதிப்பெண். ஆமாம், முகவரிக்குப் பணம் கட்டாவிட்டால் தளம் போய்விடும். பிரௌசர் செய்கிற நிறுவனங்களும் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். திறந்த தரம் என்றால் சாகா வரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தளம் போனாலும், யாரோ ஒருவர் இறக்கி வைத்த கோப்பு எங்கேயும் திறக்கும். அதுதான் வித்தியாசம். பிளாஷுக்கே கடைசியில் கொஞ்சம் உயிர் வந்ததும் இதனால்தான். அடோபி அந்தக் கோப்பு முறையின் விவரத்தை வெளியிட்டிருந்தது. அந்த விவரம் கையில் இருந்ததும், தன்னார்வலர்கள் ரஃபிள் என்றொரு திறந்த மென்பொருளைச் செய்ய உதவியது. அதைப் போட்டு என் 42 பாடங்களையும் திறந்து பார்த்தேன். 27 ஓடின. மற்றவற்றில் சில பாதியில் நின்றன. சிலவற்றில் நான் அன்று நம்பிய எழுத்துரு இல்லாததால் தமிழ் எல்லாம் குப்பையாக வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு கடைக்காரர் படிகளை நம்பியிருக்கிறேன்!

ஆகையால் என் பிறந்த நாள் பரிசாக நான் கேட்பது இதுதான்.

பாடங்களை எச்.டி.எம்.எல். பக்கங்களாகச் செய்யுங்கள். தமிழ் எல்லாம் யுனிகோடில் இருக்கட்டும். உள்ளே நுழையப் பெயர், எண் எதுவும் கேட்கக் கூடாது. மலிவான போனிலும் ஓட வேண்டும், விரலால் இழுக்கும்படி இருக்க வேண்டும். மூலத்தைப் பூட்டாமல் வெளியே வையுங்கள். எந்த ஆசிரியரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், தன் பெயரையே போட்டுக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிரதிகளைப் பத்துப் பேர் பத்து இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வசூலித்த பணத்தில் தளத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை நம் பள்ளி லேப்புக்கு லென்ஸும் முப்பட்டகமும் வாங்கக் கொடுத்துவிடுங்கள்.

முடியுமா என்று சந்தேகப்படாதீர்கள். ஒன்றை நானே செய்து முடித்துவிட்டேன். என் அண்ணன் பேத்தி காலேஜ் லீவுக்கு வந்திருந்தாள். அவளிடம் கொஞ்சம் கற்றுக்கொண்டு, மூன்று மாதம் தட்டுத் தடுமாறி, இரட்டைப் பிளவுப் பாடத்தைத் திரும்ப எழுதினேன். "தாத்தா, இந்த இடத்துல செமிகோலன் விட்டுட்டீங்க" என்று அவள் என் தலையில் குட்டாத குறை. கோப்பின் அளவு 40 கே.பி.கூட இல்லை. அன்று போன் செய்தாளே, அந்த ஆசிரியைக்குத்தான் முதலில் அனுப்பினேன். போன வாரம் வகுப்பில் போட்டுக் காட்டினாளாம். எல்லாப் போனிலும் திறந்ததாம். பிளவை நெருக்கியதும் பட்டைகள் அகன்றதைப் பார்த்து, பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் "ஓ!" என்றானாம்.

இன்னும் 41 இருக்கிறது. எனக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள யார் யார் வருகிறீர்கள்? கமெண்டில் பாடத்தின் பெயரைச் சொல்லுங்கள். மின்மாற்றியை மட்டும், 1998இல் அந்தக் கேள்வியை எழுதாமல் விட்டுவிட்டு வந்தவருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்